சாவியைத் திருகியும் எழாத இன்ஜின்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாதத்து விடியற்காலை. எம் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஒருவர் அப்போது பணி மாறுதலில் தில்லியில் குடியிருந்தார். அன்று அவருடைய தந்தையாருக்குக் கண் அறுவை சிகிச்சை. ஆறரை மணிக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். மூன்று வார விடுப்பில் ஊருக்குச் சென்ற குடும்பம் முந்தைய இரவுதான் திரும்பியிருந்தது. மூடுபனியில் நனைந்து நின்ற காரில் தந்தையாரை அமர்த்திவிட்டுச் சாவியைத் திருகினார் நண்பர். 'டிக், டிக், டிக்' என்ற மெல்லிய ஒலி மட்டுமே எழுந்தது. தூக்கத்திலிருந்து தொலைபேசியில் எழுப்பப்பட்ட ஒர்க்‌ஷாப்காரர் வண்டியைக் கண்ணால் பாராமலேயே, "ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, மாற்றினால் ஒன்பதாயிரம் ஆகும்" என்று தீர்ப்பளித்தார். தந்தையும் மகனும் வாடகைக் காரில் மருத்துவமனை சென்று சேர்ந்தனர்.

பிற்பகலில் அதே குடியிருப்பில் பணிபுரிந்த முதிய ஓட்டுநர் ஒருவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். பேட்டரியின் ஒரு முனையில் உப்புப் பூத்ததுபோல் வெண்பொடி படிந்திருந்தது; அதைப் பற்றியிருந்த கிளாம்ப்பைக் கையால் அசைத்தால் ஆடியது. ஒரு குவளை வெந்நீர், ஒரு ஸ்பேனர், அண்டை வீட்டாரின் காரிலிருந்து சிறிது மின்சாரம் ஆகிய மூன்றுமே தேவைப்பட்டன. இன்ஜின் எழுந்துவிட்டது. ஒன்பதாயிரம் ரூபாய் பையிலேயே இருந்தது.

கார் கடன் நாடி எமது கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்கள் வட்டி விகிதத்தைக் கால் சதவீதம் வரை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர், அது நன்றே. ஆனால் அதே கார் ஒரு காலைப் பொழுதில் எழ மறுத்துவிட்டால், அவசரத்திலும் பதற்றத்திலும், கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுகின்றனர். எழாத இன்ஜின் ஊமையன்று. சாவியைத் திருகும்போது அது எழுப்பும் ஓசை, அல்லது ஓசையின்மை, குறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடுகிறது. அதைக் கேட்டறியத் தெரிந்தால், பழுதை நாமே நீக்க இயலாதபோதும், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதையாவது அறிந்து கொடுக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியவை

பானெட்டைத் திறக்குமுன் இருக்கையில் அமர்ந்தபடியே சிலவற்றைச் சரிபார்த்தல் வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் நெம்புகோல் 'பி' அல்லது 'என்' நிலையில் இல்லையெனில் ஸ்டார்ட்டர் இயங்காது. பொத்தானை அழுத்தி எழுப்பும் வண்டிகளில் பிரேக்கையோ, கியர் மாற்றும் வண்டியாயின் கிளட்சையோ, முழுவதும் மிதித்தல் வேண்டும். காலடியில் மிதியடி மடிந்து கிடந்து பெடலைத் தடுத்த கதைகள் பல உண்டு. சாவியில்லாமல் திறக்கும் கருவிக்குள் காசு வடிவிலான சிறு பேட்டரி ஒன்று உள்ளது. அது தீர்ந்துவிட்டால் கார் தன் உரிமையாளரை அடையாளம் காணாது. அந்நிலையில் கருவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் எழுந்துவிடும். சிலவற்றில் கருவியை வைப்பதற்கென வேறிடம் உண்டு. வண்டியுடன் வந்த கையேடு அதைக் காட்டும். அக்கையேட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுக்காமலேயே வண்டியை விற்றுவிடுவோர் நம்மிடையே அதிகம்.

இவை யாவும் சரியாக இருந்தும் இன்ஜின் எழவில்லையா? முகப்பு விளக்கை எரியவிட்டு, எதிரேயுள்ள சுவரைப் பார்த்தபடி சாவியைத் திருக வேண்டும். விளக்கு அறவே எரியவில்லையெனில் பேட்டரி முற்றும் தீர்ந்திருக்கலாம், அல்லது அதன் இணைப்பு கழன்றிருக்கலாம். விளக்கு நன்றாக எரிந்து, சாவியைத் திருகியதும் மங்கி அணையப் போவதுபோலாகி, 'டிக் டிக்' என்றோ, 'உர்... உர்...' என்று இழுத்தோ ஒலி வந்தால், பேட்டரியில் வலுவில்லை, அல்லது அதன் முனையில் படிந்த பொடி மின்சாரத்தை மறிக்கிறது. விளக்கு சிறிதும் மங்காமல், ஒரே ஒரு 'டக்' ஒலியோடு நின்றுவிட்டால் அப்போதுதான் ஸ்டார்ட்டர் மோட்டார் மீது ஐயம் கொள்ள வேண்டும். தில்லி நண்பரின் விளக்கு மங்கியதா என்று அன்று யாரும் பார்க்கவில்லை. பார்த்திருப்பின் ஒன்பதாயிரம் பற்றிய பேச்சே எழுந்திராது.

நான்காவது வகை ஒன்றுண்டு. இன்ஜின் வழக்கமான வேகத்திலேயே சுழல்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. அது பேட்டரியின் குறையன்று. அதைப் பின்னர் காண்போம்.

பேட்டரி என்னும் கணக்கு

1912-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் கேடிலாக் கார்களில் வரும்வரை, இன்ஜினை முன்புறம் நின்று கைப்பிடியால் சுழற்றியே எழுப்ப வேண்டியிருந்தது. நம் அம்பாசிடர் காரிலும் அத்தகைய இரும்புக் கைப்பிடி உண்டு. பேட்டரி தீர்ந்தால் தோள்வலிமை உதவும் என்ற ஏற்பாடு அது. இன்றைய கார்களுக்கு அவ்வழி இல்லை. எல்லாச் சுமையும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றின் மீதே விழுகிறது. மின்சாரக் கார்களிலும் பெரிய பேட்டரியோடு இச்சிறிய பேட்டரி ஒன்று பெரும்பாலும் உண்டு. அது தீர்ந்தால் அவையும் விழித்தெழா.

வங்கிக் கணக்கைப் போலவே பேட்டரியிலும் வரவும் பற்றும் உண்டு. வரவு வைப்பது, இன்ஜின் ஓடும்போது சுழலும் ஆல்டர்னேட்டர். பற்று எது என்பதில்தான் பலரும் தவறாகக் கணிக்கின்றனர். இன்ஜினை எழுப்புவதற்கே பெரும் மின்சாரம் செலவாகிறது என்பது பரவலான எண்ணம். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் அளவுக்கு இழுப்பது உண்மையே. ஆனால் மூன்று விநாடிக்கு மட்டுமே இழுக்கிறது. கணக்கிட்டால் 0.125 ஆம்பியர் மணிதான். சிறிது தூரம் ஓடினாலே அது திரும்பி வந்துவிடும். உண்மையான கசிவு, நிறுத்தி வைத்திருக்கும்போது நிகழ்கிறது. கடிகாரம், அபாய ஒலிக் கருவி, சாவியின் அழைப்புக்குக் காத்திருக்கும் பகுதி ஆகியவை இரவும் பகலும் சிறிது சிறிதாக மின்சாரம் உண்கின்றன. அது 50 மில்லி ஆம்பியர் என்று கொண்டால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி ஆகும். சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர் மணி பேட்டரியின் பாதி, ஏறக்குறைய பதினைந்து நாளில் கரைந்துவிடும். மூன்று வார விடுப்புக்குப் பின் நண்பரின் கார் எழ மறுத்ததில் வியப்பொன்றும் இல்லை. முகப்பு விளக்கை அணைக்க மறந்தாலோ, 55 வாட் விளக்குகள் இரண்டும் சேர்ந்து அதே பேட்டரியை நான்கு மணி நேரத்துக்குள் காலியாக்கிவிடும்.

இருப்பை அறிய பாஸ்புக் போன்ற எளிய கருவி ஒன்று உண்டு. மின்பொருள் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்ட்டிமீட்டரே அது. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு இருப்பு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே சென்றால் ஏறக்குறையக் காலி. அடுத்ததாக இன்ஜினை ஓடவிட்டு அளக்க வேண்டும். பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். ஓடும்போதும் 12-ஐ ஒட்டியே நின்றால் வரவு வரவில்லை என்று பொருள். ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது அளவீட்டை எடுக்காமல் புதிய பேட்டரி வாங்குவோர், அது மூன்றே நாளில் தீர்ந்துபோனதும் பேட்டரிக் கடைக்காரரோடு சண்டையிடுகின்றனர். குற்றம் அவருடையதன்று.

பேட்டரி குளிர்காலத்தில் உயிர்விடுவதால் குளிரே அதைக் கொன்றது என்று எண்ணிவிடுகிறோம். குளிர் செய்வது இரண்டு: பேட்டரியின் வேதிவினையை மந்தமாக்குகிறது, இன்ஜின் ஆயிலைக் கெட்டியாக்கிச் சுழற்சியைக் கடினமாக்குகிறது. ஆயினும் பேட்டரியின் உள்ளே தகடுகளை அரித்து ஆயுளைக் குறைத்தது அதற்கு முந்தைய கோடையின் வெப்பமே. மே, ஜூன் மாதங்களில் நாக்பூரிலோ ஜெய்ப்பூரிலோ திறந்த வெளியில் நின்ற வண்டி, சேதத்தை மறைத்து வைத்திருந்து, டிசம்பரின் முதற்குளிரில் காட்டிக்கொடுக்கிறது. நம் நாட்டில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைத்த பேட்டரி தன் கடமையைச் செய்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். நண்பரின் பேட்டரிக்கு அப்போது வயது நான்கரை. முனையைத் துப்புரவு செய்ததால் அன்று எழுந்தது. ஆனால் மறுநாள் காலையில் அளந்தபோது 11.9 வோல்ட் காட்டியது. அடுத்த வாரம் அதை மாற்றினார். ஆக, செலவே நேரவில்லை என்று சொல்ல முடியாது. வேண்டாத செலவு தவிர்ந்தது.

முனைகளில் படியும் வெண்பொடியையும் பச்சைப் பொடியையும் வெந்நீரில் சிறிது சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றிக் கழுவலாம். பொடியில் அமிலம் இருக்கக்கூடும். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் வேண்டும். கழற்றும்போது கறுப்பு எனப்படும் நெகட்டிவ் முனை முதலில். மாட்டும்போது அது கடைசியில். மாட்டி இறுக்கிய பின் சிறிது வாசலின் தடவிவைத்தால் பொடி விரைவில் படியாது.

பிறர் காரிலிருந்து மின்சாரம் பெறுதல்

ஜம்ப் ஸ்டார்ட் செய்யும் வரிசையை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. இதில் நேரும் பிழை உதவ வந்தவர் வண்டிக்கும் கேடு செய்யும். இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடலாகாது. இரண்டின் இன்ஜினும் நின்றிருக்க வேண்டும். சிவப்புக் கேபிளின் ஒரு முனையைத் தீர்ந்துபோன பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையை உதவும் பேட்டரியின் பாசிட்டிவிலும் பொருத்த வேண்டும். பின் கறுப்புக் கேபிளை உதவும் பேட்டரியின் நெகட்டிவில் பொருத்தி, அதன் மறுமுனையைத் தீர்ந்த பேட்டரியில் அன்றி, அதே வண்டியின் இன்ஜினில் வண்ணம் பூசாத இரும்புப் பகுதி ஒன்றில், பேட்டரிக்கு எட்டத்தில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும்; பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்திருக்கலாம் என்பதே எட்டத்தில் மாட்டுவதற்குக் காரணம். உதவும் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நம் வண்டியை எழுப்பி, மாட்டியதற்கு நேரெதிர் வரிசையில் கழற்ற வேண்டும். வெடிப்புற்றோ வீங்கியோ இருக்கும் பேட்டரியில் இதைச் செய்யலாகாது.

தள்ளி எழுப்புவது நம் நாட்டுத் தெருக்களின் பழைய வழக்கம். கூப்பிடாமலே நால்வர் வந்துவிடுவர். கியர் மாற்றும் வண்டிக்கு மட்டுமே அது பொருந்தும். ஆட்டோமேட்டிக் வண்டிக்குப் பயன்படாது. பல முறை தள்ளியும் பற்றாவிட்டால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் சேர்ந்து அதைக் கெடுக்கும். அதன் விலை பேட்டரியின் விலையினும் பன்மடங்கு.

சுழல்கிறது, பற்றவில்லை

இன்ஜின் நன்றாகச் சுழன்றும் உயிர்பெறாவிட்டால் எரிபொருளோ, பொறியோ, அனுமதியோ வரவில்லை எனலாம். அனுமதி என்று நாம் கூறுவது இம்மொபிலைசரை. கருவிப் பலகையில் சாவி வடிவ விளக்கோ பூட்டு வடிவ விளக்கோ விடாமல் மினுக்கினால், சாவியிலுள்ள சில்லு அறியப்படவில்லை. மாற்றுச் சாவியால் முயல வேண்டும். அந்த மாற்றுச் சாவி எங்கே என்பது வேறு வினா.

எரிபொருளைச் சோதிக்கக் காது போதும். பெட்ரோல் காரில், இன்ஜினை எழுப்பாமல் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருகினால், பின்னிருக்கைப் பக்கமிருந்து இரண்டு விநாடிக்கு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது டாங்கிலுள்ள பம்ப்பின் குரல். கேட்கவில்லையெனில் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பார்க்கச் சொல்ல வேண்டும். ஃபியூஸ் சில ரூபாய். பம்ப் பல ஆயிரம். வரிசை தலைகீழானால் வாடிக்கையாளருக்கே இழப்பு. குறைந்த பெட்ரோலோடு மலைச்சரிவில் நிறுத்திய வண்டியில் பம்ப் ஒலித்தாலும் அதன் வாய்க்குப் பெட்ரோல் எட்டாமல் போகலாம். சிம்லாவிலும் டார்ஜிலிங்கிலும் சுற்றுலா சென்றோர் இதைக் கண்டிருப்பர். சி.என்.ஜி. வண்டிகள் பலவும் முதலில் பெட்ரோலில் எழுந்து பின்னரே வாயுவுக்கு மாறுபவை. சிக்கனம் கருதிப் பெட்ரோல் டாங்கை வறண்டுபோக விடுவோர் கடைசியில் பம்ப்பையே இழக்க நேரும்.

டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. அழுத்தத்தின் வெப்பமே பற்றவைக்கிறது. எனவே குளிர்ந்த காலையில் சுருள் வடிவ விளக்கு அணையும்வரை காத்திருந்து திருக வேண்டும். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகே உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். லடாக்கில் குளிர்காலந்தோறும் வண்டியோட்டிகளை வாட்டிய இத்தொல்லைக்காகவே 2019-ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், சுழியத்துக்குக் கீழே 33 டிகிரி வரை ஓடும் தன்மை இழக்காத குளிர்காலச் சிறப்பு டீசலை அங்கு அறிமுகப்படுத்தியது.

எவ்வகை வண்டியாயினும் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் சுழற்றலாகாது. இடையே ஒரு நிமிடம் ஓய்வு தர வேண்டும். இல்லையேல் ஒன்றுமில்லாத கோளாறோடு ஸ்டார்ட்டர் மோட்டாரும் உண்மையிலேயே கெட்டுவிடும்.

நீரில் நின்ற வண்டியை எழுப்ப வேண்டா

இதுவரை கூறியவற்றில் பிழை செய்தால் ஆயிரங்களில் இழப்பு. இப்போது கூறுவதில் பிழை செய்தால் இழப்பு இலட்சத்தைத் தொடும். 2005 ஜூலை 26-ஆம் நாள் மும்பை சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. இத்தகைய வெள்ளம் வடிந்ததும் எவருக்கும் முதலில் எழும் ஆவல், வண்டி எழுகிறதா என்று ஒருமுறை திருகிப் பார்ப்பதே. அந்த ஒரு திருகல்தான் கேடு. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்க, பிஸ்டன் அதை மோதும்போது கனெக்டிங் ராடு வளைகிறது. சில வேளை இன்ஜினே பிளந்துவிடுகிறது.

இங்கே காப்பீட்டின் நுணுக்கம் ஒன்றையும் வாடிக்கையாளர்கள் அறிந்திருத்தல் வேண்டும். வழக்கமான முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் தொடர்விளைவாக நேரும் சேதமும், இயந்திர, மின் பழுதுகளும் அதன் விலக்குப் பட்டியலில் உள்ளன. நீர் புகுந்த இன்ஜினைத் திருகியதால் விளைந்த சேதத்தை அவ்விலக்கின் கீழ் கொண்டுவந்து நிறுவனம் மறுக்கக்கூடும். இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனிக் கூடுதல் பிரீமியம் செலுத்திப் பெறும் சேர்க்கை உண்டு; தாழ்வான பகுதியில் குடியிருப்போர் அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்வது தகும். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீரில் நின்ற வண்டியின் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, படம் எடுத்துவைத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புவதே முறை.

பணம் கொடுக்குமிடத்தில்

பேட்டரி வாங்கும்போது உத்தரவாத அட்டையில் விற்பனைத் தேதியும் வரிசை எண்ணும் எழுதப்பட்டனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். "48 மாத உத்தரவாதம்" என்றால் நாற்பத்தெட்டு மாதமும் இலவச மாற்று என்று பொருளாகாது. பெரும்பாலும் முதற்பகுதிக்கு இலவச மாற்று. எஞ்சிய மாதங்களுக்கு விலையில் ஒரு பங்கு தள்ளுபடி மட்டுமே. பழைய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட வேண்டா. அதிலுள்ள ஈயமும் அமிலமும் நச்சு. அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி உற்பத்தியாளரைச் சேர்ந்தது. கடையிலும் அதற்கு விலையில் கழிவு தருவர், கேட்டுப் பெறலாம்.

இறுதியாக, நடுவழியில் வண்டி நின்றுவிட்டவர்க்கு ஓர் எச்சரிக்கை. இரவில், குடும்பத்தோடு, சாலையோரத்தில் நிற்கும்போது இணையத்தில் தேடி முதலில் கிடைக்கும் 'உதவி எண்' ஒன்றை அழைப்பது இயல்பு. மோசடிக்காரர்கள் காத்திருப்பதும் அங்கேதான். இழுவை வண்டி அனுப்பப் பதிவுக் கட்டணம் ஐந்தோ பத்தோ ரூபாய் என்று கூறி ஒரு இணைப்பை அனுப்புவர். அல்லது செயலி ஒன்றைப் பதிவிறக்கச் சொல்வர். கணக்கின் திறவுகோல் அவர்கள் கைக்குப் போய்விடும். தங்கள் காப்பீட்டுப் பாலிசியில் சாலையோர உதவி உண்டா என்பதையும், அதன் எண்ணையும், பாலிசிச் சான்றிலிருந்தே பார்த்து இன்றே கைப்பேசியில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033, வேறு எவ்வகை அவசரத்துக்கும் 112. ஏமாற்றப்பட்டு விட்டதாக ஐயம் எழுந்தால் வண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் 1930 என்ற எண்ணுக்கும், அடுத்து தங்கள் வங்கிக்கும் அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.